முன்பின் தெரியாத டிபன் ஹோட்டலை எப்படி எடை போடுறது?

நெடுஞ்சாலை நாகு:

அடுத்த மாசம் தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்புறோம். ஏழு பேர். அதில் ரெண்டு பேர் எழுபது தாண்டினவங்க, ஒருத்தருக்குச் சர்க்கரை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினா டிபன் நேரத்துக்குத் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருப்போம். கூகுளில் பார்த்தா எல்லாக் கடைக்கும் நாலு, நாலே கால் ஸ்டார். விமர்சனம்னு பார்த்தா "சூப்பர்", "ஃபேமிலியோட போகலாம்", "பார்க்கிங் இருக்கு". அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

கடைப் பேரு கேட்கல. பேரைச் சொன்னா இங்கே சண்டைதான் வரும். முன்பின் தெரியாத சைவ ஹோட்டலில் உட்காருறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும், முதல்ல என்ன ஆர்டர் பண்ணினா சமையலறை லட்சணம் புரியும், இதை மட்டும் விவரமா சொல்லுங்க.

சரக்கு மாஸ்டர்:

நாகு சார், ஏழு பேருக்கும் ஒரேயடியா ஆர்டர் கொடுக்காதீங்க. முதல்ல ஒரு செட் இட்லி, ஒரு மெதுவடை. அஞ்சு நிமிஷத்தில் கடையோட ஜாதகம் கைக்கு வந்துடும். நெய் ரோஸ்ட், பொடி தோசை, பன்னீர் மசாலா எல்லாம் குறையை மூடுற சரக்கு, சோதனைக்கு ஆகாது.

இட்லியைப் புட்டுப் பாருங்க. கண்ணறை சின்னச் சின்னதா ஒரே சீரா இருந்தா மாவு தானாப் புளிச்சிருக்கு. ஓட்டை பெரிசும் சிறுசுமா, நிறம் லேசா மஞ்சள், கடைசியில் நாக்கில் ஒரு வழவழப்பு, இது மூணும் சேர்ந்தா சோடா உப்பு. ராத்திரி அரைச்சு எட்டு, பத்து மணி நேரம் புளிக்க விட்ட மாவுக்கு அது தேவையே இல்ல. மாவு பத்தாம விடியற்காலையில் அவசரமா அரைச்சவங்களுக்குத்தான் தேவைப்படும்.

அளவு, நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. செலவைக் குறைக்கணும்னா அஞ்சுக்கு ஒண்ணு, ஆறுக்கு ஒண்ணுன்னு இறங்கிட்டு, மிருதுக்காக ஜவ்வரிசியோ வடிச்ச சாதமோ சேர்த்து அரைப்பாங்க. சூடா இருக்கிற வரைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால ஒரு துண்டை ஓரமா வெச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க. உளுந்து குறைஞ்சது விறைச்சுப் போயிருக்கும், சாதம் கூடினது விரலில் ஒட்டும். அளவு சரியா இருந்தா ஆறினப்புறமும் அமுக்கினா எழும்பி வரும்.

அப்படியே திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்க. துணி போட்டு ஊத்தின இட்லியில் நெய்த தடம் இருக்கும். நல்ல அடையாளம்தான், ஆனா துணியைச் சரியா அலசிக் காயப் போடலேன்னா புளிச்ச வாடை அந்த அடியில்தான் நிக்கும். அடி சொதசொதன்னு ஈரமா இருந்தா, எப்பவோ இறக்கின ஈட்டை, அதாவது ஒரு தடவை தட்டில் ஊத்தி வேக வெச்ச இட்லியை, ஹாட்பாக்ஸில் மூடி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சப்ளையரிடம் "அடுத்த ஈடு எப்போ இறங்கும்?"னு கேளுங்க. ஒரு ஈடு வேக பத்து, பன்னிரண்டு நிமிஷம். இட்லி ஓடுற கடைன்னா "இதோ அஞ்சு நிமிஷம்"னு பதில் வரும். தலையைச் சொறிஞ்சா நகர்ந்துடலாம்.

வடை எண்ணெய் குடிக்க மூணு காரணம்: உளுந்து அளவுக்கு மேல ஊறியிருக்கும், அரைக்கும்போது தண்ணி கூடியிருக்கும், இல்ல எண்ணெய் சரியா காயறதுக்கு முன்னாடி போட்டிருப்பாங்க. மேல் ஓடு கருஞ்சிவப்பா, உள்ளே மாவு அந்த ஓட்டிலிருந்து விலகி நின்னா அது ரெண்டாவது தடவை எண்ணெயில் இறங்கின வடை. மதியத்துக்கு மேல சாம்பார் வடை, தயிர் வடை சொல்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எண்ணெய் பழசா இருந்தா தொண்டையில் கரகரப்பு, விரலில் பிசுபிசுப்பு. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில், எண்ணெய் சிதையும்போது உண்டாகிற மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு. அளக்க மீட்டரும் இருக்கு. நாம அதைத் தூக்கிட்டு டிபன் சாப்பிடப் போக முடியாதே, தொண்டையை நம்புங்க.

தேங்காய்ச் சட்னியை எதிலும் தொடாம தனியா நாக்கில் வைங்க. பொட்டுக்கடலை ஒரு மூடித் தேங்காய்க்கு ஒரு கைப்பிடி போதும். அதுக்கு மேல போனா வாயில் மாவு மாதிரி அப்பிக்கும், தட்டில் தண்ணி விடாம கெட்டியா நிக்கும். இதைக் கெட்டிச் சட்னின்னு பாராட்டுற ஆளும் உண்டு! வெயில் நாளில் வெளியே இருந்தா நாலஞ்சு மணி நேரத்தில் புளிக்க ஆரம்பிக்கும். லேசா புளிப்பு தட்டினாலே பெரியவங்க தட்டுக்குப் போக விடாதீங்க. அன்னைக்கு வதக்கி அரைச்ச தக்காளிச் சட்னியே பாதுகாப்பு.

ஓரத்து மேசை:

மாஸ்டர் சொன்னதெல்லாம் உட்கார்ந்தப்புறம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒருத்தர் மட்டும் இறங்கி, கை கழுவுற மாதிரி நேரா பின்பக்கம் போங்க. குழாயடியில் சோப்பு இருக்கா, தரையில் தண்ணி தேங்குதா, வடிகாலில் சாம்பார்க் கறிவேப்பிலை அடைச்சு நிக்குதா. வர்றவன் போறவன் எல்லாம் பார்க்கிற இடத்தையே சுத்தமா வெச்சுக்காதவங்க, கதவுக்குப் பின்னால எப்படி வெச்சிருப்பாங்க? கழிப்பறையையும் பார்த்துடுங்க. பெரியவங்களுக்கு முக்கியமானது படி எத்தனை, தரை ஈரமா, பிடிக்கக் கம்பி இருக்கா என்பதுதான்.

அடுத்தது மேசை துடைக்கிற துணி. ஒரே துணி, ஒரே வாளித் தண்ணின்னா துடைச்ச உடனே மேசையில் ஒரு புளிச்ச வாடை கிளம்பும். மிளகாய் தாளிக்கிற நெடி ஹால் வரைக்கும் வந்தா எக்ஸாஸ்ட் சரியா இழுக்கல, வயசானவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருமிக்கிட்டே இருப்பாங்க. முதுகு சாய வழியில்லாத ஸ்டூல், ஏசி காத்து நேரா தலையில் விழுற இடம், சமையலறைக் கதவு இடிக்கிற இடம் மூணையும் தவிர்த்திடுங்க. உள்ளே தடதடன்னு தட்டு சத்தம் கேட்கிறது குறையே இல்ல. டிபன் ஹோட்டலுக்கு அதுதான் உயிர். ஸ்பீக்கரில் பாட்டை அலற விட்டு, சப்ளையர் ஆர்டரை ரெண்டு தடவை கேட்க வைக்கிறதுதான் குறை.

"கூட்டம் இருந்தா நல்ல கடை"ங்கிறது பைபாஸில் செல்லாது. பஸ் நின்னா அறுபது பேர் இறங்கித்தான் ஆகணும், கடையைத் தேர்ந்தெடுத்தது அவங்க இல்ல. வாசலில் நிக்குற டூவீலர் நம்பரைப் பாருங்க. திண்டிவனத்தில் டிஎன் 16, விழுப்புரத்தில் டிஎன் 32 நிறைய நின்னா உள்ளூர்க்காரன் காசு கொடுத்துத் திரும்பத் திரும்ப வர்ற கடை. அதுக்குப் பெரும்பாலும் பைபாஸை விட்டு ஊருக்குள்ள கொஞ்ச தூரம் போகணும். பத்து நிமிஷம் கூடுதல், போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைன்னா எட்டரையிலிருந்து பத்து வரைக்கும் எந்தக் கடையையும் எடை போடாதீங்க. நாற்காலிக்குப் பின்னால ஆள் நிக்கும், நல்ல சமையலறையும் தடுமாறும். ஏழேகால், ஏழரைக்குள்ள உட்கார்ந்துட்டா நல்லது.

கல்தோசை கவிதா:

மாஸ்டர் அண்ணே, இட்லி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்ல. இன்னைக்குப் பாதிக் கடையில் மாவு வெளியிலிருந்துதான் வருது. நல்ல மாவை வாங்கி ஆவியில் வெச்சா இட்லி தேறிடும், சமையல்காரன் கை அதில் தெரியாது. சாதா தோசையில்தான் தெரியும்.

கல்லு சூடு கூடிட்டா மாவு கரண்டியோடவே சுருட்டிக்கிட்டு வரும், நடுவில் தடிச்சு, ஓரம் கிழிஞ்சிருக்கும். சூடு பத்தலேன்னா அடி வெளுத்து, மேலே வேகாத பளபளப்பு நிக்கும். தெரிஞ்ச மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கும் முன்னாடி தண்ணி தெளிச்சு, விளக்குமாத்தால் கல்லைத் துடைச்சு, சூட்டை இறக்கிட்டுத்தான் ஊத்துவார். கூட்டத்தில் இந்த வேலை முதல்ல விடுபடும். நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே சிவப்புன்னா கை தேர்ந்த ஆள். வெந்தயமும் கடலைப்பருப்பும் கொடுக்கிற சிவப்பு தங்க நிறமா, மணத்தோட இருக்கும். சர்க்கரையோ மைதாவோ கலந்த சிவப்பு சீக்கிரம் வந்துடும், மூணு நிமிஷம் ஆறினதும் இழுத்தாத்தான் பிய்யும்.

சர்க்கரைக்காரருக்கு ஊசி, மாத்திரைன்னு நேரக் கணக்கு இருந்தா மட்டும் தோசை வேண்டாம். இட்லி ரெண்டு நிமிஷத்தில் மேசைக்கு வரும். கூட்ட நேரத்தில் ஊத்தப்பத்துக்கு இருபது நிமிஷம் ஆகும்.

டவரா செட்:

காபிக்கு ஒரே சோதனைதான். "சர்க்கரை இல்லாம ரெண்டு, சர்க்கரை தனியா"ன்னு சொல்லுங்க. "கலந்துதான் இருக்கு சார்"னு பதில் வந்தா மொத்தமா கலந்து வெச்ச பால், இல்லேன்னா பட்டனை அழுத்துற மிஷின். அங்கே டீயே குடிச்சுட்டு வாங்க. உங்க வீட்டுப் பெரியவருக்கும் எப்படியும் இதைத்தானே கேட்கப் போறீங்க.

தனியாக் கொடுத்தா, சர்க்கரை போடாம ஒரு வாய். நிறம் கன்னங்கரேல்னு, குடிக்கக் கெட்டியா, ஆனா மூக்குக்கு மணமே வரலேன்னா சிக்கரி (காபித் தூளில் கலக்கிற வேர்த்தூள்) தூக்கல். சட்டப்படி அந்தக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதனால 49 வரைக்கும் சிக்கரி போகலாம். நல்ல ஹோட்டலில் 80க்கு 20 பக்கம் வெச்சிருப்பாங்க. மணம் இருந்து அடித்தொண்டையில் கருகின கசப்பு நின்னா, டிகாஷனை அடுப்பிலேயே சூடு காட்டி வெச்சிருக்காங்க. டிகாஷனைச் சூடு பண்ணவே கூடாது, கொதிக்கிற பால்தான் சூடு கொடுக்கணும். ஏடு மிதந்து காய்ச்சின வாடை அடிச்சா பால் அஞ்சாறு தடவை கொதிச்சது.

டிபனோட சேர்த்து ஆர்டர் சொல்லாதீங்க, காபி முன்னாடி வந்து ஆறிடும்.

நெடுஞ்சாலை நாகு:

எல்லாருக்கும் நன்றி. டிஎன் 16 யோசனை எனக்குத் தோணவே இல்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டில் பாதிப் பேர் பொங்கல் ஆளுங்க, அதை எப்படிப் பார்க்கிறது? சாம்பார் பத்தி மாஸ்டர் ஒண்ணும் சொல்லலையே? பில் பத்தியும் யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

சரக்கு மாஸ்டர்:

முதல்ல கவிதா தங்கச்சிக்கு. வாங்கின மாவுங்கிறது சரி. ஆனா ஏழு பேர் தோசைக்குக் காத்திருந்து, அது சரியில்லேன்னு எழுந்து போக முடியுமா? கடையில் இருக்கலாமா, எழுந்து போகலாமான்னு தீர்மானம் பண்ண உதவுறது இட்லிதான். தனியாப் போற ஆளுக்கு உங்க யோசனை நல்ல யோசனை.

டிபன் சாம்பார் சாப்பாட்டுச் சாம்பாரை விடத் தண்ணியாத்தான் இருக்கணும், அது குறை இல்ல. பாசிப்பருப்பும் சேர்ந்திருக்கும், சின்ன வெங்காயம் முழுசாத் தெரியணும். பருப்பு குறைஞ்சா கடலை மாவோ அரிசி மாவோ கரைச்சு விடுவாங்க. கிண்ணத்தில் அஞ்சு நிமிஷம் விட்டா மேலே ஆடை கட்டும், கரண்டியால் இழுத்தா கூழாட்டம் நகரும், பச்சை மாவு வாடையும் இருக்கும். கூட்டத்தில் வாளி குறையும்போது வெந்நீர் விட்டாங்கன்னா தண்ணி மேலேயும் பருப்பு கீழேயும் பிரிஞ்சு நிக்கும். கொத்தமல்லி கறுத்து, வெங்காயம் கரைஞ்சு காணாமப் போயிருந்தா நேத்து ராத்திரி சாம்பார். நிறைய ஹோட்டல் சாம்பாரில் வெல்லமும் விழும், சர்க்கரைக்காரருக்கு இட்லியைச் சாம்பாரில் மிதக்க விடாம சட்னியோட கொடுங்க.

பொங்கல் ஏழிலிருந்து எட்டரைக்குள்ள. இறக்கின புதுசில் தட்டில் வெச்சா மெதுவா பரவும். கட்டி கட்டியா கரண்டி வடிவத்திலேயே நின்னா ஆறினதை வெந்நீர் விட்டுக் கிளறியிருக்காங்க, அதில் பருக்கை உடைஞ்சு பசையா இருக்கும். நெய்யா டால்டாவான்னு தெரியணும்னா ஒரு வாய் சாப்பிட்டு மேலண்ணத்தை நாக்கால் தடவுங்க. நெய் வாயில் கரைஞ்சு போயிடும், டால்டா மெழுகாட்டம் பூசிக்கும். முந்திரி எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க.

கணக்குப்பிள்ளை:

பில்லுக்கு நான். சாதாரண ஹோட்டலில், ஏசி இருந்தாலும் இல்லாட்டியும், 2017 நவம்பர் 15லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரைன்னு ரெண்டாப் பிரிச்சிருக்கும். பழைய ஞாபகத்தில் ஏசி ஹாலுக்கு 18ன்னு போட்டா கேளுங்க. ஏசி ஹாலில் இட்லி விலையையே ஏத்தி வெச்சிருக்கலாம், அது அவங்க இஷ்டம். அதனால உட்காருறதுக்கு முன்னாடி எந்த ஹாலுக்கு எந்த மெனு கார்டுன்னு பார்த்துக்கோங்க.

காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தைத் தானே வரியாக் கட்டுற திட்டத்தில், இருக்கிற சின்னக் கடை உங்ககிட்ட வரி வசூலிக்கவே கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாம "டாக்ஸ்"னு ஒரு வரி மட்டும் இருந்தா நீக்கச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தோட 14 இலக்க எண் 2022 ஜனவரியிலிருந்து பில்லிலேயே இருக்கணும். வயிறு கெட்டுப் புகார் கொடுக்கணும்னா அந்த எண்தான் பிடிமானம், பில்லைத் தூக்கிப் போடாதீங்க.

சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாச் சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செஞ்சது. எடுக்கச் சொன்னா எடுத்துத்தான் ஆகணும்.

தண்ணி பாட்டில் மட்டும் வேற கதை. ஹோட்டல் மேசையில் பரிமாறுற பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிடுச்சு, அதுக்குச் சண்டை போட்டுப் பயனில்ல. உட்கார்ந்த உடனே சீல் உடைச்சு வெச்சுட்டுப் போவாங்க. அதுக்குள்ள "சாதா தண்ணி போதும்"னு முந்திக்கோங்க. பெரியவங்களுக்கு வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் வெந்நீர்.