தென் ஐரோப்பிய உடல்வகைகள்: ரிப்ளி, டெனிக்கர், குஹா எப்படிப் பொருத்துவது? (UPSC ஆந்த்ரோபாலஜி, அதாவது மானிடவியல், ஆப்ஷனல்)

அண்ணாநகர்_ஆந்த்ரோ
தென் ஐரோப்பிய மக்களை உடலமைப்பை வச்சுப் பிரிக்கும்போது, அமெரிக்கரான ரிப்ளி (1899) மெடிட்டரேனியன், ஆல்பைன்னு ரெண்டோட நிறுத்திடுறார். பிரெஞ்சு மானிடவியலாளர் டெனிக்கர் அதே இடத்துல நாலு வகை சொல்றார். இதை ஒரே அட்டவணையில எப்படிக் கொண்டு வர்றது? இந்திய மானிடவியலாளர் குஹாவோட மெடிட்டரேனியனும் இதுவும் ஒண்ணா?

காலிப்பர்
ஒரே அட்டவணையா போடாதீங்க, மார்க் அங்கதான் போகும். இருவரும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை.

ரிப்ளி பார்த்தது மூன்று: தலையின் அகல-நீள விகிதம் (செஃபாலிக் இண்டெக்ஸ்), முடி மற்றும் கண்ணின் நிறம், உயரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் வைத்துவிட்டு, மூன்றும் சேரும் இடத்தில் 'இனம்' என்றார். நீள்தலை, கருமுடி, குட்டை உருவம் என்றால் மெடிட்டரேனியன். அகலத்தலை, நடுத்தர உயரம் என்றால் ஆல்பைன். (மனிதர் தொழில்முறையில் பொருளாதார அறிஞர். அளவெடுத்தவர்கள் மற்றவர்கள், இவர் தொகுத்தார்.)

டெனிக்கர், சேர்ந்து வரும் கூறுகளை அப்படியே எண்ணினார். அதனால் தெற்கில் குட்டையான நீள்தலையர் ஐபெரோ-இன்சுலார். சற்று உயரமான நடுத்தலையர் அட்லாண்டோ-மெடிட்டரேனியன். குட்டையான அகலத்தலையர் செவெனோல். உயரமான அகலத்தலையர் ஏட்ரியாட்டிக், அதாவது டினாரிக். முதல் இரண்டும் ரிப்ளியின் மெடிட்டரேனியனுக்குள் அடங்கும், செவெனோல் ஆல்பைனுக்குள். டினாரிக்தான் இடிக்கும்: தலை ஆல்பைன், உயரம் அப்படியில்லை.

இத்தாலிய மானிடவியலாளர் செர்ஜியை விட்டுவிடாதீர்கள். அவர் இண்டெக்ஸையே ஒதுக்கி, மண்டையை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை (நீள்வட்டம், முட்டை, ஐங்கோணம்) வைத்துப் பிரித்தார். அவருடைய மத்தியதரைக்கடல் இனம் ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. எனவே 'மெடிட்டரேனியன்' என்று எழுதும்போதெல்லாம் யாருடையது என்று பக்கத்தில் போடுங்கள்.

எலும்புக்கூடு_44
அளவெடுப்பையும் சேர்த்து எழுதினால் விடை கனமாகும். நீளம் புருவ நடுவிலிருந்து பிடரியின் தொலைவான புள்ளி வரை, நடுக்கோட்டில். அகலம், காதுகளுக்கு மேல் அதிகம் விரியும் இடத்தில், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக. அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.

நீளம் 190 மி.மீ., அகலம் 143 என்றால் 75.3. அகலம் 145 என்றால் 76.3. உயிருள்ளவர் தலையில் 75.9 வரை நீள்தலை, 76.0-லிருந்து நடுத்தலை. இரண்டு மி.மீ.-க்கு ஆள் வேறு வகை. அடர்ந்த முடி, காலிப்பரை (தலையை அளக்கும் கவைக் கருவி) அழுத்தும் கை, இவையே அந்த 2 மி.மீ.-க்குப் போதும். போதாததற்கு, வெறும் மண்டையோட்டில் எல்லை 74.9; அதே 75.3 அங்கே நடுத்தலை. தோண்டியெடுத்த மண்டையையும் படைவீரர் தலையையும் ஒரே அளவுகோலில் வைத்துச் சறுக்கியவர்கள் உண்டு.

இத்தாலிக்கு லீவியின் ராணுவ அளவீடு (1896) கைகொடுக்கும். ஏறத்தாழ 3 லட்சம் வீரர்கள். வடக்கே பீட்மாண்டில் அகலத்தலை, தெற்கே கலாப்ரியா, சார்டினியாவில் நீள்தலை. இடையில் வெட்டுக்கோடு கிடையாது, சாய்வாகவே மாறுகிறது.

அண்ணாநகர்_ஆந்த்ரோ
டினாரிக் வகைக்குப் பிடரி தட்டைன்னு சொல்றாங்களே, அது பரம்பரையா, பழக்கமா?

எலும்புக்கூடு_44
அக்காலத்திலேயே சண்டை நடந்தது. குழந்தையை மல்லாக்க வைத்துத் தொட்டிலில் கட்டினால் பிடரி தட்டையாகி நீளம் குறையும், இண்டெக்ஸ் தானாக ஏறும். முழுக்கப் பரம்பரை என்று எழுதாதீர்கள்.

கன்னிமாரா_வாசகன்
குஹா கேள்விக்கு: 1931 சென்சஸ் வேலையில் அவர் ஐரோப்பியப் பெயர்களை எடுத்து, மெடிட்டரேனியனைப் பேலியோ-மெடிட்டரேனியன், மெடிட்டரேனியன், ஓரியண்டல் என்று பிரித்தார். முதல் வகையைத் தென்னிந்தியாவோடு இணைத்தார். பெயர் பொதுவானது, அளவெடுத்த மக்கள் வேறு. தமிழர் ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள் என்று அதிலிருந்து எழுதினால் தவறு. நம்ம எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த தர்ஸ்டன் காலிப்பரோடு அலைந்ததும் இதே அளவெடுப்பு மரபுதான்.

தலை வடிவம் மாறாதது என்ற எண்ணத்தை விமர்சிக்க, அமெரிக்க மானிடவியலாளர் போவாஸ் (1912) போதும். அமெரிக்காவில் குடியேறிய சிசிலியரில், இத்தாலியில் பிறந்தவர்களைவிட அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தலை சற்று அகலமானது. குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதரின் பிள்ளைகளுக்குச் சற்று நீண்டது. 2002-இல் ஸ்பார்க்ஸ், ஜான்ட்ஸ் அதே தரவை மறுபடி பார்த்து மாற்றம் மிகச் சிறியது என்றார்கள். 2003-இல் கிராவ்லீ குழு போவாஸ் பெரும்பாலும் சரி என்றது. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதினால் திருத்துபவர் பிடித்துவிடுவார்.