கார்பன் கணக்கில் வயலை எப்படிச் சேர்ப்பது?

வணக்கம். ஆடியிலிருந்து எங்கள் வீட்டின் கார்பன் கணக்கை, அதாவது எங்களால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடும் அதுபோலச் சூடேற்றும் வாயுக்களும் வெளியாகின்றன என்பதை, இணையக் கணிப்பான்களில் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றில் வரும் விடை இன்னொன்றில் இரண்டு மடங்காக வருகிறது.

ஊர் மன்னார்குடி பக்கம். வீட்டில் ஐந்து பேர், ஒரு பைக், இரண்டு ஏக்கர் சம்பா.

மின்சாரத்தை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். கணிப்பான் மாதாந்திரப் பில் தொகையைக் கேட்கிறது. நமக்கோ இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், அதிலும் 100 யூனிட் இலவசம். அதனால் ரூபாயை விட்டுவிட்டு, அட்டையில் உள்ள யூனிட்டைப் பாதியாக்கி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டேன். சிலிண்டரும் சரி: 14.2 கிலோ எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

சிக்கல் வயல்தான். நட்டதிலிருந்து தண்ணீர் கட்டியே நிற்கிறது. சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாகக் கிளம்புகிறதே, அதில் மீத்தேன் இருக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். நான் பார்த்த எதிலும் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. உணவு என்ற பகுதியில் வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி என்று கேட்பதோடு சரி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் மீத்தேன் எவ்வளவு குறையும் என்று எண்ணாகக் காட்டினால்தான் அப்பா ஒத்துக்கொள்வார். எனக்கு அது ரொம்ப முக்கியம்.

ஏக்கர், தண்ணீர் கட்டும் நாட்கள், தொழு உரம் ஆகியவற்றைக் கொடுத்தால் நெல் வயலின் மீத்தேனைக் கணக்கிட்டுத் தரும் கணிப்பானோ எக்செல் தாளோ யாராவது பயன்படுத்துகிறீர்களா?