கடலோரக் கட்டடத்தின் அலுமினியப் பலகைகளுக்கு எந்தப் பூச்சு?

தஞ்சோங் பூங்கா வாசகர்:
வணக்கம். பினாங்கில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் முகப்புக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியப் பலகைகள் பொருத்தவிருக்கிறோம். பாலியெஸ்டர் பவுடர் கோட்டிங்கே (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) போதும் என்கிறார் குத்தகையாளர்; பி.வி.டி.எஃப் (ஃபுளூரின் அடங்கிய பிளாஸ்டிக் பிசின்) பூச்சு என்றால் விலை நன்றாகவே ஏறுகிறது. பக்கத்துக் கட்டடத்துப் பலகையைத் தடவினால் கையில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. திருகுத் துளைகளைச் சுற்றிப் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. விலை கூடிய பூச்சு இவ்விரண்டையும் தடுக்குமா?

முகப்பு வேலைக்காரர்:
இரண்டும் வேறு வேறு கோளாறுகள், ஐயா. மாவு ஒட்டுவது மேற்பூச்சின் குறை: வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினைச் சிதைக்க, நிறமித்தூள் பிடிமானமின்றி வெளியே வருகிறது. பி.வி.டி.எஃப் பிசினில் கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது என்பதால் அது இதை நெடுங்காலம் தாங்கும். பிசினில் 70 விழுக்காடு பி.வி.டி.எஃப் இருக்க வேண்டும், கட்டட அலுமினியப் பூச்சுக்கான அமெரிக்கத் தரங்களில் ஏ.ஏ.எம்.ஏ 2605-ஐக் கேளுங்கள். அத்தரம் தெற்கு ஃபுளோரிடா வெயிலில் 10 ஆண்டு வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. 2604 தரத்துக்கு 5 ஆண்டு, 2603 தரத்துக்கு ஓராண்டுதான்.

ஆனால் அந்தப் புழுத் தடம் உப்பினால் வரும் இழை அரிப்பு. பூச்சு அறுபட்ட விளிம்பில் தொடங்கி அடியிலேயே பரவும். பூசுவதற்கு முன் உலோகத்தின் மேற்பரப்பை ரசாயனத்தால் சரியாக அரித்துச் சுத்தம் செய்து முன்பூச்சு தராவிட்டால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த பிசினைப் பூசினாலும் பயனில்லை. கடலோர வேலைக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 கிராம் உலோகமாவது அரித்து நீக்கப்பட வேண்டும் என்கிறது பூச்சு வேலைக்குத் தரச்சான்று தரும் குவாலிகோட் அமைப்பின் கடலோர விதி. விலைப்பட்டியலில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

பட்டர்வொர்த் வாசகர்:
அனோடைசிங்கையும் எண்ணிப் பார்க்கலாம். அது உலோகத்திலிருந்தே வளரும் ஆக்சைடு படலம் என்பதால் உரிந்து வராது. வெளிப்புறத்துக்கு 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 25 பங்கு) தடிப்புள்ள படலம் கேளுங்கள். நிறங்கள் குறைவு, சிமெண்டுச் சாந்து தெறித்தால் கறை நிலைத்துவிடும்.

தஞ்சோங் பூங்கா வாசகர்:
நன்றி. எங்களுக்கு அடர்நீலம் வேண்டும், ஆகையால் பி.வி.டி.எஃப்தான். துளைகளை வேலையிடத்தில் போட்டுக்கொள்ளலாமா?

முகப்பு வேலைக்காரர்:
வேண்டாம். வெட்டுதல், வளைத்தல், துளையிடுதல் அனைத்தையும் முடித்த பிறகே பூசச் சொல்லுங்கள். அது சூளையில் சுமார் 230 பாகை செல்சியஸில் வேகவைக்கப்படும் பூச்சு, ஏணியில் நின்று மீண்டும் பூச இயலாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு என்றால் நைலான் வாஷர் வைத்து அலுமினியத்திலிருந்து பிரித்துவிடுங்கள். மழை படாத சன்னல் மேற்கூரையின் அடிப்பகுதியில்தான் உப்பு தங்கும்; மென்மையான சோப்பு நீரால் அதைத்தான் அடிக்கடி கழுவ வேண்டும்.