ஹெட்போன் போட்டா மரியாதை போயிடுமா?

ரோஸ்ஹில்காரி:
போன ஞாயிறு இங்க மொரிஷியஸ்ல எங்க தமிழ்க் கோவில் சங்கக் கூட்டத்துல ஒரு பெரியவர் எழுந்து, இப்பல்லாம் ஆட்டிசம் ஏடிஎச்டின்னு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்து ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்துக்கிறாங்க, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல, நம்ம பிள்ளைங்களுக்கு மரியாதையே போச்சுன்னு பேசினார். எல்லாரும் கைதட்டினாங்க. என் தம்பி பக்கத்துலதான் இருந்தான். அவனுக்கு ஆட்டிசம். வீடு வர்ற வரைக்கும் சட்டை ஓரத்துத் தையலை விரலால உருட்டிக்கிட்டே வந்தான், ஒரு வார்த்தை பேசல. இதை நான் விடப் போறதில்ல.

எபேன்லீடர்:
அக்கா, பெரியவர் சொன்னதுல என்ன தப்பு? நான் எபேன் சைபர் சிட்டி ஆபீஸ்ல 14 பேர் டீம் நடத்துறேன். ஒருத்தனுக்கு ஹெட்போன் விட்டா நாளைக்கே 14 பேரும் கேப்பான்.

ரோஸ்ஹில்காரி:
கேட்டா குடுங்க தம்பி, உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? என் தம்பி கணக்குப் பிரிவு, கஸ்டமர் முகத்தையே பாக்கிறதில்ல. ஏசி உறுமல், பின்னாடி பிரிண்டர், மூணு மேசையில போன், எல்லாம் அவனுக்கு ஒண்ணா வந்து விழுது, எதை ஒதுக்கணும் எதைக் கேக்கணும்னு பிரிக்க முடியாம மதியத்துக்குள்ள தலையைப் பிடிச்சுக்கிறான். அது இரைச்சலைக் குறைக்கிற ஹெட்போன், அமுக்குறது ஏசி மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சலைத்தான், பேச்சுக் குரல் ஓரளவு கேக்கத்தான் செய்யும். திரும்பலன்னா மேசையில ரெண்டு தட்டு தட்டுங்க, இல்ல ஒரு வரி எழுதி அனுப்புங்க. அவன் எழுத்துல வந்த வேலையை ஒருநாளும் தவற விட்டதில்ல.

தமிழ்வாத்தியார்:
முதல்ல நியூரோடைவர்ஜென்ட்னா, அதாவது மூளை மத்தவங்க மாதிரி இல்லாம வேற விதமா வேலை செய்யுறவங்கன்னா, யார் யாருன்னு வெச்சுக்கிட்டுப் பேசலாமே. ஆட்டிசம் வேற, கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏடிஎச்டி வேற, எழுத்து வாசிக்கத் திணறுற டிஸ்லெக்சியா வேற. ஒருத்தருக்கு அமைதி வேணும், இன்னொருத்தருக்கு எழுந்து நடக்கணும்.

எபேன்லீடர்:
அதெல்லாம் இருக்கட்டும் சார். ஹெட்போனுக்கு வாங்க.

சும்மாவந்தவன்:
அட, இவங்கள்லாம் ஜீனியஸ்ங்க. ஒரு தடவை பாத்தா முழு லெட்ஜரும் மனப்பாடம். கம்பெனிக்குத்தான் லாபம்.

ரோஸ்ஹில்காரி:
என் தம்பி ஜீனியஸ் இல்ல. சாதாரண கிளார்க். ஜீனியஸா இருந்தாத்தான் நாற்காலி போடுவீங்களா? இந்தப் பேச்சு எனக்குப் பெரியவர் பேசினதை விட வலிக்குது. இன்னொண்ணு, இது யாரோ போடுற பிச்சை இல்ல. 35 பேர் அதுக்கு மேல வேலை செய்யுற இடத்துல 100க்கு 3 பேர் மாற்றுத்திறனாளியா இருக்கணும்னு மொரிஷியஸ்ல 1996லேயே சட்டம் வந்தாச்சு. சம வாய்ப்புச் சட்டம் 2008ல போட்டு 2012ல நடைமுறைக்கு வந்துச்சு. லீடர் தம்பி, உங்க டீம் 14, சரி. உங்க கம்பெனி எத்தனை பேர்?

எபேன்லீடர்:
கம்பெனி கணக்கு எனக்கு எதுக்கு? சட்டத்துல ஹெட்போன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.

ரோஸ்ஹில்காரி:
தைப்பூசக் காவடிக்கு 10 நாள் விரதம் இருக்கீங்க. சாயங்காலம் பூஜைக்கு 4 மணிக்கே கிளம்புறீங்க, கேன்டீன்ல கறி சூடாக்கின மைக்ரோவேவை நான் தொடமாட்டேன்னு சொல்றீங்க, ஆபீஸ் சரிங்குது. அதுக்கும் சட்டத்துல மைக்ரோவேவ்னு எழுதியிருக்கா? ஒருத்தருக்கு எது முடியும் எது முடியாதுன்னு கேட்டு இடம் விடுறதுதானே அது? அதையே என் தம்பிக்குக் கேட்டா மட்டும் மரியாதை போயிடுதா?

காவடிப்பையன்:
காவடியையும் நோயையும் ஒண்ணா வெக்காதீங்க. மனசு புண்படுது.

ரோஸ்ஹில்காரி:
நோய்னு நான் சொல்லவே இல்ல, நீங்க சொன்னீங்க. அவனும் 4 வருஷமா காவடி எடுக்கிறான். உறுமிச் சத்தத்துக்கு அன்னைக்கும் காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் மலை ஏறினான். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கல.

காவடிப்பையன்:
பஞ்சு வேற, ஹெட்போன் வேற. ரோஸ் ஹில்காரங்க எப்பவும் இப்படித்தான் வம்புக்கு நிப்பாங்க. போன வருஷம் தேர் விஷயத்துலயும் இதேதான்.

ரோஸ்ஹில்காரி:
தேரை எதுக்கு இழுக்கிறீங்க? சரி, நானும் பழசை இழுக்கிறேன். 1998ல இங்க புது ரூபா நோட்டுல தமிழை இந்திக்குக் கீழ ஒரு வரி தள்ளி அச்சடிச்சாங்க. ஒரு வரிதான். நம்ம ஆளுங்க கொதிச்சு எழுந்து, பேங்க் அந்த நோட்டுகளையே திரும்ப எடுத்துக்கிச்சு. அப்ப யாராவது சின்ன விஷயம்னு சொன்னோமா? நம்மளை ஒரு வரி கீழ தள்ளினா வலிக்கும், வீட்டுப் பிள்ளையைத் தள்ளினா கைதட்டுவோமா?

தமிழ்வாத்தியார்:
நோட்டுல தமிழுக்குப் போராடினோம், சரி. இன்னைக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க எத்தனை பேர்? அதைப் பேசுங்க.

சும்மாவந்தவன்:
அதுக்கு வாத்தியாருங்க நாம இங்க அன்றாடம் பேசுற கிரியோல் மொழியில பாடம் நடத்துறதை நிறுத்தணும்.

தமிழ்வாத்தியார்:
என் வகுப்புக்கு வந்து பாத்துட்டுப் பேசு தம்பி. 22 வருஷம் நடத்தியிருக்கேன்.

எபேன்லீடர்:
எல்லாரும் எங்கயோ போயிட்டீங்க. திரும்பவும் சொல்றேன், ஒருத்தனுக்கு ஹெட்போன் விட்டா 14 பேரும் கேப்பான்.

ரோஸ்ஹில்காரி:
நானும் திரும்பக் கேக்கிறேன், கம்பெனி எத்தனை பேர்? வர்ற ஞாயிறு கூட்டத்துக்கு அவனைக் கூட்டிட்டு வரேன். முதல் வரிசையில உக்காருவோம், ஹெட்போனோட. பெரியவர் அவன் முகத்தைப் பாத்து இன்னொரு தடவை அதையே சொல்லட்டும்.

எபேன்லீடர்:
வாங்க. நானும் வரேன்.