குரோஷே பேட்டர்ன்: தையல் கணக்கு சரி, ஆனாலும் 6 மிஞ்சுகிறது

நூல்கண்டு:
குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மைத் தலை போடுகிறேன். 3ஆம் சுற்று முடிவில் 18 தையல். 4ஆம் சுற்றுக்கு பேட்டர்னில் (செய்முறைக் குறிப்பில்) "(2 எஸ்சி, இன்க்) × 6 [24]" என்று இருக்கிறது. எஸ்சி என்பது சிங்கிள் குரோஷே தையல், இன்க் என்பது இன்கிரீஸ், அதாவது தையல் கூட்டுவது. போட்டால் 24 வந்துவிடுகிறது, ஆனால் கீழ்ச்சுற்றில் 6 தையல் மிஞ்சுகிறது. இன்னொரு பை பேட்டர்ன் முழுக்க டிசி (டபுள் குரோஷே). துணி ஓட்டை ஓட்டையாக, சொன்ன உயரத்துக்கு இரண்டு மடங்காக வருகிறது. அதில் "மிஸ் 1" என்றும் இருக்கிறது. எங்கே தப்பு?

வளையம்:
அந்த 6 தான் துப்பு. "2 எஸ்சி"யை ஒரே தையலுக்குள் போட்டிருக்கிறீர்கள். அப்போது ஒவ்வொரு தடவையும் கீழே 2 தையல்தான் செலவாகும், ஆறு தடவைக்கு 12. மேலே 24 நிறைந்துவிடும், கீழே 6 நிற்கும். அடுத்த தையலில் ஒரு எஸ்சி, அதற்கடுத்ததில் ஒரு எஸ்சி, மூன்றாவதில் மட்டும் இரண்டு; இன்க் என்பது அதுதான். கீழே 3, மேலே 4. கடைசியில் உள்ள [24] அந்தச் சுற்றின் மொத்தம், போட வேண்டியது அல்ல. மேலே எண்ணுவதோடு விடாதீர்கள், கீழே ஒன்றும் மிஞ்சக் கூடாது.

ஊசிமுனை:
பை பேட்டர்ன் பிரிட்டிஷ் முறை. "மிஸ்" (தையலைப் போடாமல் தாண்டுவது) அவர்கள் சொல், அமெரிக்க முறையில் "ஸ்கிப்". பிரிட்டிஷ் டிசி என்பது அமெரிக்க எஸ்சி. பிரிட்டிஷ் டிஆர் (ட்ரெபிள்) என்பது அமெரிக்க டிசி. நீங்கள் அதைவிட உயரமான அமெரிக்க டிசியைப் போட்டிருக்கிறீர்கள், போட்டதைப் பிரிக்கத்தான் வேண்டும். பேட்டர்னில் எங்காவது எஸ்சி இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷில் அப்படி ஒரு தையலே கிடையாது. இல்லையென்றால் முதல் வரிசையைப் பாருங்கள். தொடக்கத்தில் போட்ட சங்கிலித் தையல்களில், ஊசியிலிருந்து 2ஆவது சங்கிலியில் டிசி என்றால் குட்டைத் தையல், பிரிட்டிஷ். 4ஆவதில் என்றால் அமெரிக்க டிசி. விட்ட 3 சங்கிலி பெரும்பாலும் முதல் டிசியாகக் கணக்கில் சேரும். சேர்க்க மறந்தால் ஓரம் அகன்றுகொண்டே போகும்.

சங்கிலி:
குறியீட்டுப் படம் இருந்தால் அதையே நம்புங்கள், அதில் நாட்டுக்கு நாடு பெயர் மாறும் தொல்லை இல்லை. நீள்வட்டம் சங்கிலி, கறுப்புப் புள்ளி ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமே இல்லாத இணைப்புத் தையல்), பெருக்கல் அல்லது கூட்டல் குறி அமெரிக்க எஸ்சி. தலையில் கோடு வைத்த கம்பத்தின் நடுவே ஒரு சாய்கோடு இருந்தால், ஊசியைக் குத்துமுன் நூலை ஒரு தடவை சுற்ற வேண்டும். இரண்டு சாய்கோடு என்றால் இரண்டு தடவை. சாய்கோடே இல்லாத கம்பம் ஹெச்டிசி (ஹாஃப் டபுள் குரோஷே). அதற்கும் நூலை ஒரு தடவை சுற்ற வேண்டும், ஆனால் ஊசியில் உள்ள மூன்று கண்ணியையும் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். வட்டப் படத்தை நடுவிலிருந்து வெளியே, இடஞ்சுழியாகப் படியுங்கள். இடது கைக்காரர்களுக்கு வலஞ்சுழி.