மனநல வார்டு போஸ்டிங்: படித்ததை எப்படிப் பேச்சாக்குவது?

அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். பி.எஸ்சி நர்சிங் மூன்றாம் ஆண்டு. மனநல வார்டில் இரண்டாவது வாரம். 1952-இல் செவிலியர் கோட்பாட்டாளர் பெப்லாவ் சொன்ன செவிலியர்-நோயாளி உறவின் கட்டங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். வார்டுக்குள் போனால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் நோயாளி ஒருவர், சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிட்டார். மறுத்து வாதாடாதே, ஆமாம் போடாதே, பயத்துக்குப் பதில் சொல் என்பது பாடம். "பயமா இருக்குன்னு புரியுது" என்றேன். "அப்ப நீ முதல்ல சாப்பிடு" என்றார். அவ்வளவுதான், நின்றுவிட்டேன். வார்டு ஆயாம்மா உரிக்காத வாழைப்பழத்தை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அவரே உரித்துச் சாப்பிட்டார். தானே பிரிக்கும் உணவு கொடுக்கலாம் என்று எங்கள் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால்தானே!

இப்போது என் சந்தேகங்கள். ப்ராசஸ் ரெக்கார்டிங்குக்கு, அதாவது நோயாளியோடு பேசியதை எழுதி அலசும் பயிற்சிக்கு, பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொல்கிறார்கள். நோட்டை எடுத்தாலே சிலர் மிரள்கிறார்கள். வெளியே வந்து எழுதினால் பாதி மறந்துவிடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று தெரியும். ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அதை உறுத்தாத தமிழில் எப்படிக் கேட்பீர்கள்? நீங்கள் பேசும் வாக்கியத்தை அப்படியே எழுதினால் பெரிய உதவி. திங்கட்கிழமை மறுபடி டியூட்டி.