பெருந்தொற்றுக் காலப் பொதுத்தரவு: எந்த எண்ணை நம்பிக் கணக்கிடுவது?

எழினி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொரோனா பரவிய விதத்தையும் அது விட்டுச்சென்ற இழப்பையும் பொதுத்தரவுகளைக் கொண்டு விளக்கும் கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் 2020 ஜனவரி 22 முதல் 2023 மார்ச் 10 வரை தொகுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிட்ஹப் என்னும் கோப்புப் பகிர்வுத் தளத்தில் வைத்த கோப்புகளை இறக்கி, சில நாடுகளுக்கு மட்டும் வரைபடம் போட்டுப் பார்த்தேன். கோடு ரம்பப் பல்லைப்போல வாராவாரம் ஏறி இறங்குகிறது. சில நாள்களில் இறப்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. வேறு சில இடங்களில், முந்தைய நாளும் இல்லாமல் அடுத்த நாளும் இல்லாமல், ஒரே ஒரு நாள் மட்டும் மலைபோல எழுந்து நிற்கிறது. இவற்றைப் பிழை என்று கருதி நீக்கிவிடலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா கொரோனா அலை ஒன்றின்போதுதான் வீட்டிலேயே காலமானார். பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை. இறப்புச் சான்றிதழில் காரணம் மூச்சுத்திணறல் என்று மட்டுமே எழுதப்பட்டது. நான் வரைந்த கோட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்வதால்தான் இதைத் தீவிரமாகக் கற்க விரும்புகிறேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

தயவுசெய்து எதையும் நீக்க வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் மூன்றும் ஒரே காரணத்தால் வருபவை அல்ல, மருந்தும் ஒன்றல்ல.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நெடுவரிசை உண்டு. அதில் இருப்பது அன்றைய எண்ணிக்கை அல்ல, அன்றுவரையிலான மொத்தம். இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்தே நீங்கள் தினசரி எண்ணைப் பெற்றிருப்பீர்கள். ஒரு நாடு தன் பழைய கணக்கைத் திருத்தி மொத்தத்தைக் குறைக்கும்போது அந்தக் கழித்தலின் விடை எதிர்ம எண்ணாகிவிடுகிறது. 2020 ஆகஸ்டில் பிரிட்டன், தொற்று உறுதியானதிலிருந்து 28 நாள்களுக்குள் நேர்ந்த இறப்புகளை மட்டுமே தினமும் அறிவிக்கும் முதன்மைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுத்தபோது, 5,000க்கும் மேற்பட்ட இறப்புகள் ஒரே அறிவிப்பில் மொத்தத்திலிருந்து விலகின. மாறியது வரையறை மட்டுமே. ஒற்றை நாள் மலைகளும் பெரும்பாலும் இந்த வகையே. 2020 பிப்ரவரி நடுவில் சீனாவின் ஹூபே மாகாணம், ஆய்வகப் பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டு உறுதிசெய்தவர்களையும் சேர்த்துக்கொண்டபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேர் கூடினார்கள். கிருமி அன்று ஒருநாள் மட்டும் வெறிகொண்டு பரவியதாக வரைபடம் காட்டும்; அது உண்மையன்று.

உண்மையான பிழைகளும் உண்டு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது, மிஞ்சியவை ஓசையின்றி விழுந்துவிட்டன. எண் குறைந்ததைவிட வேதனையானது, அந்த மனிதர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அத்தனை நாள் தாமதப்பட்டது. ஆகவே அறிவிப்பு வெளியான நாளை ஒட்டிய செய்திக்குறிப்பைத் தேடிப் படித்துவிட்டு, திருத்தத்தை உரிய நாள்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள்; அதற்கு வழியில்லையென்றால் வரைபடத்திலேயே குறிப்பு எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். ரம்பப் பல்லுக்கு, ஒவ்வொரு நாளுக்கும் அதைச் சேர்த்த ஏழு நாள்களின் சராசரியை வரைந்தால் போதும்.

கார்முகில் எழுதியது:

அந்த ரம்பப் பல் எங்கிருந்து வருகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். நான் ஒரு சுகாதார அலுவலகத்தில் தரவுப் பதிவாளராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் அறையில் ஒருவர் மட்டுமே இருப்பார். திங்கள் காலையில் மேசைமேல் படிவங்கள் இரண்டு கட்டாக வந்து கிடக்கும். ஒவ்வொரு படிவத்திலும் அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள் என்று மூன்று தேதிக்கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கணினியோ நாங்கள் உள்ளிடும் நாளை நான்காவது தேதியாகத் தானே போட்டுக்கொள்ளும், மேலிடத்துக்குப் போகும் தினசரி அறிக்கை அந்த நான்காவது தேதியைத்தான் எண்ணும். ஆகவே செவ்வாயன்று வெளியான உயர்வு, உண்மையில் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் நிகழ்ந்த தொற்றுகளின் குவியல்.

இதனால்தான், கிடைக்கும் இடங்களிலெல்லாம், அறிவித்த நாளின்படியான வரிசையை விட்டுவிட்டு, இறப்பு நிகழ்ந்த நாளின்படியான வரிசையை எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி இரண்டு, மூன்று வாரங்கள் எப்போதும் சரிவதுபோலவே தோன்றும், ஏனென்றால் அந்த நாள்களுக்குரிய படிவங்கள் இன்னும் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கின்றன. அலை ஓய்ந்துவிட்டது என்று அந்தச் சரிவைப் பார்த்து அறிவித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

தண்பொருநை எழுதியது:

மேலே இருவரும் சொன்னது கோட்டைச் சீர்செய்வது பற்றியது. எழினியின் இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது, அதற்கு அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட்டு வெளியே வரவேண்டும்.

தொற்று எண்ணிக்கை எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்தது. எனவே அதன் அருகிலேயே, சோதித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குத் தொற்று உறுதியானது என்பதையும் வரையுங்கள். இரண்டு வாரங்களுக்கு அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பரவல் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் ஓர் அளவுகோலைத் தந்தது. 20, 30 விழுக்காடு என்று ஏறினால், கணக்கில் வராத தொற்றாளர்கள் வெளியே ஏராளமாக இருக்கிறார்கள் என்றே பொருள். மக்கள் பரிசோதனைக்கே வராத காலத்தில் கழிவுநீர் உதவுகிறது: நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் முதல் நோயாளிகள் அறிவிக்கப்படுவதற்கு 6 நாள் முன்பே அங்கிருந்து எடுத்த கழிவுநீரில் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்திருந்தது.

இழப்பை அளக்க நான் நம்புவது மிகை இறப்பு. ஒரு வாரத்தில் எந்தக் காரணத்தாலும் இறந்த அனைவரையும் எண்ணி, பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளின் போக்கின்படி அந்த வாரத்தில் எத்தனை இறப்பு எதிர்பார்க்கப்பட்டிருக்குமோ அதைக் கழிக்க வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலக நாடுகள் அறிவித்த கொரோனா இறப்புகள் சுமார் 54 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் வெளியிட்ட மிகை இறப்பு மதிப்பீடோ 1 கோடியே 49 லட்சம், அதன் எல்லைகள் 1 கோடியே 33 லட்சமும் 1 கோடியே 66 லட்சமும். சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் வேறு நோய்களால் இறந்தவர்களும் இதில் அடக்கம். பெரு நாடு 2021 மே இறுதியில் தன் பதிவுகளை மீளாய்வு செய்து, 69,342 என்றிருந்த இறப்புக் கணக்கை 1,80,764 ஆகத் திருத்தியது. அங்கே மிகை இறப்பு அந்த இடைவெளியை முன்பே காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் இதுவும் மதிப்பீடே. எதிர்பார்க்கப்பட்ட இறப்பு என்னும் அடிக்கோட்டை எப்படி நீட்டுகிறோம் என்பதில் விடை மாறும். ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் முதலில் தந்த மதிப்பீடுகளை உலக சுகாதார நிறுவனமே பின்னர் திருத்த நேர்ந்தது. மேலும், இறப்பைப் பதிவுசெய்யும் பழக்கமே குறைவாக உள்ள நாடுகளில் புள்ளியியல் முறையில் ஊகித்த கணக்குகளைத்தான் சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

எழினி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கார்முகில் ஐயா சொன்னபடி நிகழ்ந்த நாளின் வரிசைக்கு மாறிவிட்டேன். நான் உச்சம் என்று குறித்திருந்த நாள் பல நாள்கள் முந்தைய தேதிக்கு நகர்ந்துவிட்டது. தண்பொருநை, ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்கிறேன்: பெரியம்மாவின் இறப்பு முறைப்படி பதிவானது. அப்படியென்றால் காரணம் என்னவென்று எழுதப்பட்டிருந்தாலும், மிகை இறப்புக் கணக்கில் அவர் இருக்கிறாரா?

தண்பொருநை எழுதியது:

இருக்கிறார். எந்தக் காரணமும் கேட்காமல் எண்ணும் கணக்கு அது. அவர் காலமான வாரத்தின் மொத்த இறப்புகளில் அவரும் ஒருவர். அந்த இறப்புக்குக் கிருமிதான் காரணமா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, தனி ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல அதனால் இயலாது. கட்டுரையில் அவரைக் குறிப்பிடுவதாக இருந்தால் இந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுதுங்கள். வாராந்தர இறப்புத் தரவை எடுக்கும்போது, ஆண்டு முடிவில் வரும் 53ஆம் வாரத்தைக் கவனியுங்கள். 2020இல் அது உண்டு, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இல்லை; ஆகவே அதனோடு ஒப்பிட அந்த ஆண்டுகளில் நேர் வாரம் கிடைக்காது.